கடையின் பெயர் நம் கையில் இருக்கட்டும்

மே மாதம் பிறந்துவிட்டால் ஏற்காட்டு வணிகர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கோடை விழா, மலர்க் கண்காட்சி, சேர்வராயன் கோயில் திருவிழா என்று அடுத்தடுத்து வரும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வரும் வண்டிகளை எண்ணி மாளாது. அந்தக் கூட்டத்தை நம்பித்தான் காப்பித்தூள் கடைக்காரர் கொட்டை வாங்கி வைக்கிறார். மளிகைக் கடைக்காரர் சரக்கைக் கூட்டுகிறார். சேலம் லீ பஜார் மொத்த வியாபாரி இரண்டு வாரம் கூடுதலாகக் கடன் கொடுக்கிறார். ஆனால் வண்டி ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்கு வந்து நிற்கும்போது, உள்ளே இருப்பவர்களில் பலர் எந்தக் கடைக்குப் போவது என்று முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். கையில் இருக்கும் செல்போன் அவர்களுக்கு வழி சொல்லிவிட்டது.

அந்தச் செல்போன் நம் கடையைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? கடை வாசலில் பெயர்ப்பலகை கொஞ்சம் சாய்ந்தால் உடனே ஆள் கூப்பிட்டு நிமிர்த்துகிறோம். தேடுபொறியில் நம் பெயர் தவறாக இருக்கலாம், பழைய போன் நம்பர் இருக்கலாம், திறந்திருக்கும் கடைக்கு 'மூடப்பட்டது' என்று போட்டிருக்கலாம். அதை யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம். அந்த 'யாரோ' சில நேரம் முன்பின் தெரியாத வழிப்போக்கர். சில நேரம் பணம் வாங்கிக்கொண்டு 'முதலிடம் பிடித்துத் தருகிறேன்' என்று சொல்லும் தரகர். இரண்டுமே வணிகருக்கு அழகல்ல. தேடலில் நம் கடை எப்படித் தெரிகிறது என்பது கல்லாப்பெட்டிச் சாவி போன்றது. அது நம் இடுப்பில்தான் இருக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

'நான் மளிகைக் கடைக்காரன், எனக்கெதற்கு இதெல்லாம்?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். செம்மடுவிலோ நாகலூரிலோ உள்ளூர் மக்களுக்கு மட்டும் விற்பவரை எல்லோருக்கும் தெரியும். அவரிடம் கணக்கு நோட்டே இருக்கிறது. அவருக்கு இது அவசரமில்லை. ஆனால் வெளியூர்க்காரர் கால் பட்டால்தான் கல்லா நிறையும் என்ற நிலையில் இருப்பவர்களும், மிளகும் காப்பியும் வெளியூருக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகளும் இதை ஒதுக்க முடியாது. அவர்களுக்கு வாடிக்கையாளர் முதலில் வந்து நிற்கும் வாசல் இதுதான்.

தேடுபொறி எப்படி வரிசைப்படுத்துகிறது?

இது ஏதோ மாயவித்தை என்று பயப்பட வேண்டாம். தேடுபொறி செய்வது கணக்குப்பிள்ளை வேலை. உலகத்தில் உள்ள இணையப் பக்கங்களை எல்லாம் ஓயாமல் சுற்றிவந்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பெரிய பேரேடு எழுதி வைத்துக்கொள்கிறது. நாம் ஒன்றைக் கேட்டால் அந்தப் பேரேட்டைப் புரட்டிப் பதில் சொல்கிறது.

தொடக்க காலத் தேடுபொறிகள், கேட்ட சொல் ஒரு பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்பதற்கு அதிக மதிப்புக் கொடுத்தன. அதனால் 'காப்பி, காப்பி, காப்பி' என்று நூறு முறை எழுதி வைத்தவர்கள் முன்னுக்கு வந்தார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் எழுதி மறைத்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் 1998-ல் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கியபோது வேறு அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள் சுட்டிக்காட்டுகின்றன, சுட்டிக்காட்டுபவரின் மதிப்பு என்ன என்று பார்த்தார்கள்.

நமக்கு இது புதிதல்ல. செவ்வாய்ப்பேட்டையில் ஒருவர் புதிதாகக் கடை போட்டால், 'நல்ல பார்ட்டி, நம்பிச் சரக்கு கொடுக்கலாம்' என்று பழைய மண்டிக்காரர் ஒருவர் சொன்னால் போதும். வேலையில்லாத பத்துப் பேர் சொன்னாலும் அந்த மதிப்பு வராது. தேடுபொறி இதையேதான் கணக்குப் போட்டுச் செய்கிறது.

இணையப் பக்கங்களுக்கு இது. வரைபடத்தில் கடைகளைக் காட்டும்போது முக்கியமாக மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகக் கூகுளே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. ஒன்று, கேட்டதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம். இரண்டு, கேட்பவர் நிற்கும் இடத்திலிருந்து தூரம். மூன்று, கடை எவ்வளவு பேர் அறிந்தது, என்ன பேர் எடுத்தது என்பது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. நாகலூர்க் கடை ஏரிக்கரைக்கு நகர்ந்து வராது. மூன்றாவது நாள்பட வருவது. முதலாவது முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது. நாம் என்ன விற்கிறோம், எங்கே இருக்கிறோம், எப்போது திறக்கிறோம் என்று தெளிவாக எழுதி வைத்தால்தான் பொருத்தம் தெரியும்.

'எல்லோரும் இப்படிச் செய்தால் யார்தான் முதலில் வருவது?' என்ற சந்தேகம் எழும். தேடலில் ஒரே ஒரு வரிசை இருப்பதாக நினைப்பதால் வரும் சந்தேகம் இது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தனி வரிசை உண்டு. 'ஏற்காடு கடை' என்று தேடினால் ஒரு வரிசை. 'சிக்கரி கலக்காத காப்பித்தூள்' என்றால் வேறு வரிசை. இரவு ஒன்பது மணிக்குக் குழந்தைக்குப் பால் பவுடர் வேண்டி, 'இப்போது திறந்திருக்கும் மளிகைக் கடை' என்று காட்டேஜில் இருந்து ஒருவர் தேடினால் அது மற்றொரு வரிசை. அந்த வரிசையில் பெரிய கடை சின்னக் கடை என்ற பேதம் அதிகம் இல்லை. அருகில் இருந்து, நேரத்தைச் சரியாகப் போட்டிருப்பவருக்கே வாய்ப்பு. சிறு வணிகருக்கு இதைவிடச் சாதகமான சந்தை வேறு எது?

முதலிடம் விற்பவர்கள்

இந்தத் தேவையை மோப்பம் பிடித்து ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. 'நாங்கள் கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் கடையை முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம், இவ்வளவு கட்டுங்கள்' என்று போன் வராத வணிகர் குறைவு. தெரிந்துகொள்ளுங்கள்: கடையைப் பதிவு செய்யவும் உரிமையைச் சரிபார்க்கவும் கட்டணம் கிடையாது. காசு கொடுத்து வாங்கக்கூடியது விளம்பரம் மட்டுமே. அது விளம்பரம் என்ற குறிப்போடுதான் வரும். மற்ற வரிசையில் முதலிடம் தருவதாக யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

குறுக்கு வழியில் போனவர்களின் கதையையும் பார்க்கலாம். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ கார் நிறுவனம், தேடுபொறிக்கு ஒரு பக்கமும் பார்ப்பவருக்கு வேறு பக்கமும் காட்டியதற்காக, 2006 பிப்ரவரியில் அதன் ஜெர்மன் இணையதளம் கூகுள் வரிசையிலிருந்தே நீக்கப்பட்டது. திருத்திக்கொண்ட பிறகுதான் திரும்பச் சேர்த்தார்கள். அமெரிக்காவின் பழம்பெரும் கடை நிறுவனமான ஜே.சி. பென்னிக்காக, சம்பந்தமில்லாத ஏராளமான இணையதளங்களில் காசுக்குச் சுட்டிகள் வைக்கப்பட்டிருந்தது 2011-ல் பத்திரிகையில் அம்பலமானது. பல பொருள்களுக்கு முதலிடத்தில் இருந்த கடை சில நாட்களில் பல பக்கங்களுக்குப் பின்னால் போனது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லி, அந்த வேலையைப் பார்த்த நிறுவனத்தைக் கடை விலக்கியது. ஆனாலும் கெட்டது கடையின் பெயர்தான். தரகர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். பலகையில் பெயர் உள்ளவர் எங்கே போவார்?

நம் அளவில் நடக்கும் தவறுகளும் உண்டு. 'ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்' என்று பலகையில் இருக்கும் பெயரை, இணையத்தில் 'ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ் ஏற்காடு பெஸ்ட் சீப் காப்பி மிளகு தேன்' என்று நீட்டுவது ஒன்று. கடையே இல்லாத இடத்தில் கிளை இருப்பதாகக் காட்டுவது மற்றொன்று. இரண்டுமே விதிக்குப் புறம்பானவை; புகார் வந்தால் பதிவு முழுவதையும் முடக்கிவிடுவார்கள். மே மாதத்தில் அப்படி ஒரு வாரம் முடங்கினால் நட்டம் என்னவென்று வணிகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எதை எழுதுவது, எப்படி எழுதுவது?

முதலில் பெயர், முகவரி, போன் நம்பர், நேரம். இந்த நான்கும் பலகையிலும், பில்லிலும், இணையத்தில் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்கவேண்டும். ஓரிடத்தில் பழைய நம்பர், ஓரிடத்தில் மகன் நம்பர் என்று இருந்தால், இது ஒரே கடைதானா என்று தேடுபொறிக்கும் சந்தேகம், வாடிக்கையாளருக்கும் சந்தேகம்.

அடுத்தது ஊர்ப்பெயர். நம் ஊருக்குத் தமிழில் எழுத்துக் குழப்பம் இல்லை. ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, வாயில் வருவது மற்றொன்று. வெளிமாநிலத்தார் காதில் விழுந்தபடி 'யெர்காட்' என்றும் 'ஏர்காடு' என்றும் அடிக்கிறார்கள். மலையின் பெயரோ இன்னும் சிக்கல்: சேர்வராயன், சர்வராயன், ஷெவராய், ஷெவராய்ஸ் என்று எத்தனையோ. தேடுபொறி ஓரளவு புரிந்துகொள்ளும். நாம் செய்யவேண்டியது, பலகையில் உள்ளபடி ஒரே பெயரை வைத்துக்கொண்டு, கடையைப் பற்றிய விவரத்தில் 'ஏற்காடு' என்பதையும் 'சேர்வராயன் மலை' என்பதையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இயல்பாக ஒரு முறை சொல்வது. பட்டியல் போட்டு அடுக்கவேண்டாம்.

தமிழில் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. அச்சகத்தில் நோட்டீஸ் அடிக்கப் பயன்படுத்திய பழைய எழுத்துருக்கள் சிலவற்றில், கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துக்களே. அப்படி எழுதியதைத் தமிழில் தேடினால் அகப்படாது. யூனிகோடு முறையில் எழுதினால்தான் அகப்படும்; 2010-ல் தமிழக அரசும் அதையே ஏற்றுக்கொண்டது. அதேபோல விலைப்பட்டியலைப் படம் பிடித்துப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கவேண்டாம். படத்தில் உள்ள எழுத்து, பூட்டிய அலமாரியில் உள்ள சரக்கு போன்றது. எழுத்தை எழுத்தாகவே போடுங்கள். 2017 முதல் கூகுளில் தமிழில் பேசியே தேட முடிகிறது. எழுதத் தயங்கும் பெரியவர்களும் இன்று வாயால் கேட்கிறார்கள். பேச்சில் வரும் சொல் நம் பக்கத்தில் இருக்கவேண்டும்; 'அவகாடோ' என்று மட்டும் எழுதாமல் 'பட்டர் ஃப்ரூட்' என்றும் எழுதுங்கள்.

சரக்கைப் பற்றி எழுதும்போது 'தரமானது, சுத்தமானது, மலிவானது' என்று எல்லோரும் எழுதுவதை எழுதிப் பயனில்லை. அராபிகாவா ரொபஸ்டாவா, எந்தப் பக்கத்துத் தோட்டம், எப்போது வறுத்தது என்று எழுதுங்கள். காப்பி எத்தனை பங்கு, சிக்கரி எத்தனை பங்கு என்று பொட்டலத்தில் சட்டப்படி போடுவதையே பக்கத்திலும் போடுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணையும் சேர்த்துவிடுங்கள். வெளியூரில் உட்கார்ந்து பணம் அனுப்பப் போகிறவர் இதைத்தான் தேடுகிறார்.

நேரம் போடுவதைச் சிறு வேலையாக எண்ணவேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் மலைப்பாதையில் மண் சரிந்து, அடிவாரம் வழிப் போக்குவரத்து நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட நாளில் கடை திறந்திருக்கிறதா, குப்பனூர் வழியாகச் சரக்கு வருகிறதா என்று ஒரு வரி போட்டு வைத்தால், மேலே தங்கியிருப்பவருக்கும் உதவி, கீழே இருக்கும் மொத்த வியாபாரிக்கும் தகவல். பொங்கலுக்கு இரண்டு நாள் மூடினாலும் அதை முன்கூட்டியே போடுங்கள். 'திறந்திருக்கிறது' என்று நம்பி வந்தவர் பூட்டைப் பார்த்துத் திரும்பினால், அவர் எழுதும் ஒரு வரி பல மாதம் நிற்கும்.

நட்சத்திரம் வாங்குவதல்ல, சம்பாதிப்பது

வாடிக்கையாளர் போடும் நட்சத்திரங்களும் கருத்துகளும் கடையின் பேரைத் தீர்மானிக்கின்றன. அதனால் உறவினரை விட்டு எழுதச் சொல்வதும், 'ஐந்து நட்சத்திரம் போட்டால் பத்து ரூபாய் தள்ளுபடி' என்பதும் பரவிவிட்டன. கூகுள் இதை அனுமதிப்பதில்லை. பொய்யான கருத்துகளைத் தடுக்க இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையையே வெளியிட்டது.

கசப்பான ஒன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். மலைக் கடைகளைப் பற்றி வெளியூரார் எழுதும் குறை பெரும்பாலும் எது? தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் ஐந்து ரூபாய் வாங்கினார்கள் என்பது. 'வண்டி வாடகை யார் கொடுப்பது?' என்று நாம் கேட்கலாம். ஆனால் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். அந்த ஐந்து ரூபாய் அன்றைக்கே செலவாகிவிடும். அதைப் பற்றி எழுதிய வரி அடுத்த சீசனிலும் வந்து நிற்கும். குறை எழுதியவரிடம் சண்டைக்குப் போகாமல், இரண்டு வரியில் மரியாதையாகப் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலைப் படிக்கப்போவது குறை சொன்னவர் மட்டுமல்ல, அடுத்து வரப்போகும் நூறு பேர்.

வாடகை இடமும் சொந்த இடமும்

கூகுள் 2014-ல் 'மை பிசினஸ்' என்ற பெயரில் கடைகளுக்கான சேவையைக் கொண்டுவந்தது. 2021-ல் அதன் பெயர் 'பிசினஸ் ப்ரொஃபைல்' ஆனது. அதில் கடைகளுக்கு ஓர் எளிய இணையப் பக்கமும் இலவசமாகக் கிடைத்தது. 2024 மார்ச்சில் அந்த இலவசப் பக்கங்களை மூடிவிட்டார்கள். அதை மட்டும் நம்பி நோட்டீசிலும் பையிலும் முகவரி அச்சடித்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். அடுத்தவர் திண்ணையில் கடை போட்டால் அவர் கதவைச் சாத்தும்போது எழுந்திருக்கத்தான் வேண்டும். ஆகவே அந்தப் பதிவும் இருக்கட்டும்; வெளியூர் வியாபாரம் உள்ளவர்கள் சொந்தப் பெயரில் ஓர் இணைய முகவரியும் வைத்துக்கொள்ளட்டும். ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. ஆனால் அது உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகவேண்டும். பக்கம் செய்து கொடுத்த தம்பியின் பெயரில் இருந்தால், அவர் வேறு வேலைக்குப் போகும்போது உங்கள் பெயரும் கூடவே போய்விடும்.

மலையின் பெயர்

கடைசியாக, தனிக் கடையைவிடப் பெரிய சொத்து ஒன்று நம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பியைப் பயிராக்கினார். காப்பி வாரியம் தனி அடையாளச் சின்னம் கொடுத்த காப்பிப் பகுதிகளில் சேர்வராயன் மலையும் ஒன்று. ஆனால் 2019-ல் குடகு, வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபா புதன்கிரி ஆகிய ஐந்து காப்பிகள் புவிசார் குறியீடு பெற்றபோது அந்தப் பட்டியலில் நம் மலை இல்லை. பக்கத்தில் சேலம் ஜவ்வரிசி 2023-ல் குறியீடு பெற்றுவிட்டது. அது கூடி முயன்றதால் கிடைத்தது.

'ஏற்காடு காப்பி', 'சேர்வராயன் மிளகு' என்று உலகில் எங்கிருந்து ஒருவர் தேடினாலும், பதில் சொல்வது மலையில் வியாபாரம் செய்யும் நாமாக இருக்கவேண்டாமா? இன்று தேடுபொறிகள் பல பக்கங்களைப் படித்துத் தாங்களே நான்கு வரிப் பதில் எழுதித் தருகின்றன. நாம் எழுதாவிட்டால், வேறு யாரோ எழுதியதை வைத்துத்தான் அந்தப் பதில் வரும். மற்ற ஊர்க் கொட்டையை ஏற்காடு என்று பெயர் போட்டு விற்பவர் எழுதினால் அதுவே உண்மையாகிவிடும். அந்தத் தவறு நம் கடைகளிலிருந்தே நடக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆகவே வணிகர் சங்கத்துக்கு மூன்று யோசனைகள். ஒன்று, சீசனுக்கு முன் ஒரு நாள் சங்கக் கட்டிடத்தில், செல்போன் தெரிந்த நம் வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரை உட்காரவைத்து, உறுப்பினர் ஒவ்வொருவரின் கடைப் பதிவையும் இலவசமாகச் சரிபார்த்துக் கொடுக்கலாம். இரண்டு, சங்கத்தின் பெயரில் ஓர் இணையப் பக்கம் தொடங்கி, மலையில் எந்தச் சரக்கு எந்த மாதம் வரும், யாரிடம் கிடைக்கும், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று போட்டு, உறுப்பினர் கடைகளுக்குச் சுட்டி கொடுக்கலாம். பழைய மண்டிக்காரர் ஒருவரின் நல்ல வார்த்தைக்கு நிகரானது அது. மூன்று, போனில் வந்து முதலிடம் விற்பவர்களிடம் பணம் கட்டும் முன் சங்கத்தில் கேட்பது என்று உறுப்பினர்கள் முடிவெடுக்கலாம்.

நம் ஊரின் நடுவில் உள்ள இடத்துக்கு ஒண்டிக்கடை என்று பெயர். அடையாளம் சொல்ல ஒரு கடை போதும் என்று அந்தப் பெயரே சொல்கிறது. இன்று நம் மலையில் ஒன்றல்ல, பல கடைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கடைக்காரரும் இன்றிரவு கடை எடுத்துவைத்த பிறகு, செல்போனில் தம் கடைப் பெயரைத் தாமே ஒரு முறை தேடிப் பாருங்கள். தவறு இருந்தால் நாளை காலை கடை திறக்கும் முன் திருத்துங்கள்.